இழுக்கிற அறை

பொதுக்காலம் 19ஆம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு
1 அரசர்கள் 19:4-8, எபேசியர் 4:30 – 5:2, யோவான் 6:41-51



ஜூன் மாதத்தில் ஒரு மாலை, பேர்ன் நகரத்துப் பெத்லகேமில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் நிலக்கீழ் அறையில், நம் பேச்சில் கெல்லரில், நான் முழந்தாளில் நின்றேன். பெத்லகேம் என்றதும் சிரிக்கிறீர்கள். உங்களில் பாதிப்பேர் அங்கேதான் குடியிருக்கிறீர்கள், உங்களுக்கு அது டிராம் நிற்கும் இடம். நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்து, தூக்கக் கலக்கத்தில் இரண்டு முறை கண்ணைக் கசக்கியவன். அன்றைக்கு முழந்தாளில் நின்றது செபத்துக்காக என்று நினைத்துவிடாதீர்கள். சீமெந்துத் தரையில் உருண்டோடிய ஒரு வால்வு ஊசியைத் தேடிக்கொண்டிருந்தேன். அரிசி இரண்டு மூன்றைக் கோத்து வைத்த அளவுதான் இருக்கும். அது இல்லாமல் அந்த வீட்டுத் தம்பியின் மலைச் சைக்கிள் ஓடாது.

தம்பிக்கு 23 வயது. லேர், அதாவது தொழிற்பயிற்சி, முடித்து மின்வேலை செய்கிறான். வேலை முடிந்ததும் சைக்கிளோடு குர்ட்டன் மலைக்குப் போய்விடுவான். மேலே இழுவை ரயிலில் ஏறி, கீழே மரவேர்களுக்கும் கல்லுகளுக்கும் நடுவே பாய்ந்து வருவது அவனுக்குப் பொழுதுபோக்கு. அன்றைக்கு அவர்கள் வீட்டில் எனக்கு இரவுச் சாப்பாடு. அம்மா குசினியில் பொரித்துக்கொண்டிருந்தார். அப்பா சத்தத்தை நிறுத்திவிட்டுத் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி கீழ கெல்லரில நிக்கிறான் பாதர், ஒருக்கா கூட்டிக்கொண்டு வாங்கோ, சாப்பாடு ஆறப்போகுது" என்று அம்மா சொன்னார். நான் கீழே போனேன். இரண்டு பேரும் மேலே வர ஒன்றரை மணி நேரம் ஆனது. அந்த அம்மா என்னை இன்னும் மன்னிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

சைக்கிள் கதையைப் பீடத்தில் நின்று சொல்வதா என்று பெரியவர்கள் யாராவது முகம் சுளிக்கக்கூடும். திருஅவைக்கும் சைக்கிளுக்கும் உறவு உண்டு. இங்கிருந்து எல்லையைத் தாண்டி இத்தாலிக்குள் இறங்கினால், கோமோ ஏரிக்கு மேலே கிசல்லோ என்ற இடத்தில் மாதாவுக்கு ஒரு சிற்றாலயம் இருக்கிறது. 1949ஆம் ஆண்டு திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அந்த மாதாவைச் சைக்கிள் ஓட்டுநர்களின் பாதுகாவலியாக அறிவித்தார். பீடத்தைச் சுற்றிச் சுவரெல்லாம் சைக்கிள்கள் தொங்குகின்றன. 1995இல் பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தில் மலையிறக்கத்தில் விழுந்து இறந்த ஃபாபியோ கசார்தெல்லியின் நெளிந்த சைக்கிளும் அங்கேதான் இருக்கிறது. நெளிந்த சைக்கிளை ஆலயத்தில் வைக்கலாம் என்றால் அதன் கதையைச் சொல்லவும் செய்யலாம்.

சரி, கெல்லருக்கு வருவோம்.

தம்பியுடையதைப் போன்ற மலைச் சைக்கிளின் பின்சக்கரத்தைத் தாங்க, இருக்கைக்குக் கீழே சட்டத்துக்குள் ஒரு சிறிய உருளை இருக்கும். அதைத்தான் ஷாக் என்கிறார்கள். நம் ஊர் மோட்டார் சைக்கிளில் இருக்கிற கம்பிச் சுருள் தம்பியின் ஷாக்கில் இல்லை, காற்றுத்தான் அதன் சுருள். தம்பியின் சைக்கிளில் பின்சக்கரம் 160 மில்லிமீட்டர் ஏறி இறங்கும். அதற்கு ஷாக் சுருங்குவது 65 மில்லிமீட்டர் மட்டுமே. சக்கரம் அதிகம் அசைகிறது, ஷாக் கொஞ்சம்தான் அசைகிறது. ஆனால் சக்கரத்துக்கு வருகிற அடி ஏறக்குறைய இரண்டரை மடங்காகி இதன் மேல் இறங்குகிறது. வீட்டில் யார் குறைவாக அசைகிறார்களோ அவர்கள் மேல்தான் பாரம் அதிகம் என்று எனக்கு அப்போதே தோன்றியது. தம்பியிடம் சொல்லவில்லை. பிரசங்கம் தொடங்கிவிட்டார் என்று நினைப்பான்.

இவ்வளவு பாரத்தைச் சும்மா ஊதிய காற்றால் தாங்க முடியாது. உங்கள் காரின் சில்லில் இரண்டு, இரண்டரை பார் அழுத்தம் இருக்கும். தம்பியின் ஷாக்கில் 180 பிஎஸ்ஐ, அதாவது பன்னிரண்டு பாருக்கும் கூட. கையடக்கமான ஓர் அலுமினிய உருளைக்குள் அவ்வளவு காற்று.

அதைத் தயாரிக்கிறவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். தம்பி வைத்திருக்கிற ராக்‌ஷாக்ஸ் வகைக்கு, 50 மணி நேரம் ஓட்டினால் ஒருமுறை காற்று உருளையைத் திறந்து துடைத்து, சீல்களை மாற்றிப் புதுக் கிரீஸ் பூச வேண்டும். 200 மணிக்கு ஒருமுறை உள்ளே இருக்கிற எண்ணெய்ப் பகுதிக்கும் பராமரிப்பு. கிலோமீட்டர்க் கணக்கு இல்லை, மணிக் கணக்கு. எவ்வளவு தூரம் போனாய் என்று அது கேட்பதில்லை, எவ்வளவு நேரம் அடி வாங்கினாய் என்று கேட்கிறது. தம்பி கெல்லர்ச் சுவரில் பென்சிலால் கோடு கீறிக் கணக்கு வைத்திருக்கிறான்.

வேலை தொடங்கியது. முதலில் காற்று எவ்வளவு இருக்கிறது என்று பம்பைப் பொருத்திப் பார்த்து எழுதினான். திரும்பி எழும் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற சிவப்புக் குமிழை எத்தனை சொடுக்கில் வைத்திருந்தான் என்பதையும் எண்ணி எழுதினான். பிறகு அலன் கீயால் இரண்டு ஆணிகளையும் கழற்றி ஷாக்கைச் சட்டத்திலிருந்து வெளியே எடுத்தான். வெளியழுக்கை முழுக்கத் துடைத்தான். திறப்பதற்கு முன்னே துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளியில் இருக்கும் மண் உள்ளே போய்விடும் என்றான். நான் சும்மா நிற்க மாட்டாமல், "இனித் திருகிக் கழற்றுவமா?" என்று கை வைத்தேன். என் கையைத் தட்டிவிட்டான். "கவனம் பாதர், காத்து இன்னும் போகேல்ல."

வால்வை அமுக்கினான். புஸ் என்று காற்றுப் போனது. சத்தம் நின்றது. எனக்கு அது போதுமென்று பட்டது. அவனுக்குப் போதவில்லை. ஷாக்கை நிலத்தில் ஊன்றி, உடம்புப் பாரத்தைக் கொடுத்துக் கால்வாசி அமுக்கினான். பிறகு மறுபடியும் வால்வை அமுக்கினான். மறுபடியும் காற்று வந்தது! காலியென்று நான் நினைத்த உருளைக்குள்ளிருந்து. இப்படி ஐந்தாறு தடவை. ஏன் என்று கேட்டேன். அவன் சொன்னதை இன்றைக்கு வரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த உருளைக்குள் அறைகள் இரண்டு. ஒன்று தள்ளுகிற அறை. அதுதான் ஓட்டுகிறவரைத் தாங்கி மேலே வைத்திருக்கிறது. மற்றது சிறியது, இழுக்கிற அறை. அது எதிர்ப்பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். இழுக்கிற அறை எதற்கு, தள்ளுவது மட்டும் போதாதா என்று கேட்டேன். போதாது. தள்ளுகிற அறை மட்டும் இருந்தால் ஷாக் விறைத்து நிற்கும். சின்னக் கல், சின்ன வேர் எதற்கும் வளைந்து கொடுக்காது. பெரிய அடிக்கு மட்டும்தான் அசையும். மறுபக்கத்திலிருந்து கொஞ்சம் இழுக்கிறபடியால்தான் சிறிய அதிர்வுக்கும் அது இளகுகிறது. இரண்டு அறைகளுக்கும் நடுவே உள்சுவரில் ஒரு சிறு பள்ளம் இருக்கிறது. ஷாக் கொஞ்சம் அமுங்கும்போது அந்த இடத்தில் மட்டும் காற்று இங்கிருந்து அங்கே போய் இரண்டும் சமன்படும். அதற்காகத்தான் அந்தக் கால்வாசி அமுக்கல். வால்வைத் தொட்டால் தள்ளுகிற அறை மட்டும் காலியாகும். இழுக்கிற அறைக்கு வெளியே வால்வு கிடையாது.

சகோதரர்களே, நம்முடைய சோகத்தைப் பாவம் போலப் பேசுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. "கடவுளை நம்புகிறவன் ஏன் மனம் சோர வேண்டும்?" என்று நாமே கேட்டிருக்கிறோம், நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றும் கேட்டிருக்கிறோம். இழுக்கிற அறை தேவையில்லாத அறை என்று அந்த உருளையைச் செய்தவர் நினைக்கவில்லை. நம்மைச் செய்தவரும் நினைத்திருக்க மாட்டார். இன்னொருவருடைய சின்ன வருத்தத்துக்கு நாம் இளகுவது, நமக்குள்ளும் எதுவோ இழுத்துக்கொண்டிருப்பதால்தானே.

காற்று முழுக்கப் போன பிறகு வைஸில் மரத்துண்டு வைத்து ஷாக்கைப் பிடித்தான். மேல் வளையத்துக்குள் ஒரு துணியைக் கோத்துக் கட்டினான். தப்பித் தவறி மிச்சக் காற்று இருந்து உருளை பிய்ந்தாலும் துணி பிடித்துக்கொள்ளும். ரப்பர்ப் பட்டி சுற்றித் திருகினான். உருளை கழன்று கையோடு வந்தது. உள்ளே பழைய கிரீஸ் கறுத்து, குடல் போல நாற்றத்தோடு இருந்தது. வெளியே அந்தச் சைக்கிள் பளபளவென்று இருக்கிறது, அதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஓடவும் ஓடியது. ஆனால் ஐம்பது மணி நேரத்து அடி முழுவதும் உள்ளே இந்த நிறத்தில்தான் சேர்ந்திருந்தது.

மலைச் சைக்கிள் பந்தயம் பிறந்த கதையிலும் இந்தக் கிரீஸ் வருகிறது. 1976 அக்டோபரில் கலிபோர்னியாவில், ஃபேர்ஃபாக்ஸ் என்ற ஊருக்குப் பக்கத்து மலைப்பாதையில் சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களில் பந்தயம் விட்டார்கள். பெடலைப் பின்னுக்கு மிதித்தால் பிடிக்கிற பிரேக் அந்தச் சைக்கிள்களில். ஒரு இறக்கம் இறங்கி முடிவதற்குள் ஹப்பில் இருந்த கிரீஸ் சூட்டில் புகையாகிப் போய்விடும். அடுத்த தடவைக்கு முன் ஹப்பைத் திறந்து புதுக் கிரீஸ் அடைக்க வேண்டும். அந்தப் பாதைக்கே 'ரீபேக்', அதாவது 'திரும்ப அடை' என்று பெயர் வந்துவிட்டது. வென்றவரின் பெயரை வைக்காமல், இறங்கி முடித்துப் போட்டிக்காரர்கள் கை கறுக்கச் செய்த வேலையின் பெயரை வைத்தார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது.

இனி என் பாவத்தைச் சொல்ல வேண்டும்.

பழைய சீல்களை எடுக்கத் தம்பி ஒரு பிளாஸ்டிக் குச்சி வைத்திருந்தான். உலோகம் படக்கூடாது, கீறல் விழுந்தால் காற்று நிற்காது என்று சொல்லியிருந்தான். ஆல்கஹோலில் துணியை நனைத்து எல்லாவற்றையும் துடைத்தான். புது வளையங்களுக்குக் கிரீஸ் தடவினான். அப்போது அவனுடைய தொலைபேசி அடித்தது, மேலேயிருந்து அம்மா. அவன் கதவடிக்குப் போனான். இரண்டு அறைகளையும் பிரிக்கிற அந்த நடுச் சீலைப் போட்டுவைத்து அவனை ஆச்சரியப்படுத்தலாம் என்று எனக்கு ஆசை வந்தது. வளையம் பள்ளத்துக்குள் இறங்க மறுத்தது. என் சட்டைப் பையில் ஒரு ஊசி இருந்தது, திருவுடையில் குத்துகிற குண்டூசி. அதன் முனையால் மெல்ல நெம்பி உள்ளே தள்ளினேன். வடிவாக உட்கார்ந்துவிட்டது. அவன் வந்து பார்த்து, "சூப்பர் பாதர்" என்றான். ஊசியைப் பற்றி நான் சொல்லவில்லை.

பூட்டினோம். கொஞ்சம் காற்று, பத்துத் தடவை மெல்ல அமுக்கிச் சமன்படுத்தல், பிறகு மிச்சக் காற்று. பம்பைக் கழற்றும்போது புஸ் என்று சத்தம் வந்தது. நான் பதறினேன். அது ஷாக்கிலிருந்து போகிற காற்று இல்லையாம், பம்பின் குழாயில் நின்ற காற்றாம். சந்தேகப்பட்டு மறுபடி பம்பைப் பொருத்திப் பார்த்தால் குழாய் நிரம்புவதற்குக் கொஞ்சம் காற்றை ஷாக் கொடுக்கும், முள் குறைவாகக் காட்டும், "போய்விட்டது, போய்விட்டது" என்று இன்னும் பயப்படுவோம். அடிக்கடி தன் மனச்சாட்சியைத் தோண்டிப் பார்த்தே களைத்துப்போகிற நல்லவர்கள் சிலர் இந்த ஆலயத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதைச் சொல்கிறேன்: பம்பைக் கழற்றிவிட்டுப் போய்ச் சைக்கிளை ஓட்டுங்கள்.

தம்பி ஏறி இருந்தான். 65 மில்லிமீட்டரில் இருபது வரை இறங்கியது. அவ்வளவுதான் இறங்க வேண்டும், ஏறியிருக்கும்போது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தாழ்ந்து நிற்பதே சரியான நிலை. சாப்பிடப் போனோம். பொரியல் ஆறிப்போயிருந்தது.

ஜூலைக் கடைசியில் தம்பி கூப்பிட்டான். "பாதர், ஷாக் கீழ போயிட்டுது. எழும்புதே இல்லை."

யாரும் ஏறாமலேயே சைக்கிள் குந்தியிருந்தது. முதலில் அவன் காற்றுப் போய்விட்டதென்று நினைத்திருக்கிறான். யாருமே அப்படித்தான் நினைப்பார்கள். பம்பைப் போட்டுக் காற்று அடித்திருக்கிறான். அசையவில்லை. இன்னும் அடித்திருக்கிறான். அதற்குப் பிறகுதான் அவனுக்கு உறைத்தது. காற்று எங்கேயும் போகவில்லை. நடுச் சீல் பழுதாகி, அடி விழும்போதெல்லாம் தள்ளுகிற அறைக் காற்று கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கிற அறைக்குள் புகுந்து, திரும்பி வர வழியில்லாமல் அங்கேயே அடைபட்டுவிட்டது. காலியான உருளை போலத் தெரிந்தது. உண்மையில் முன்னெப்போதையும் விட ஆபத்தான நிலையில் இருந்தது. வால்வு வழியாகக் காற்றைத் திறந்துவிட்டால் தாங்குகிற அறைதான் காலியாகும், இழுப்பது இன்னும் இறுக்கும். அந்த நிலையில் உருளையைத் திருகினால் அது வெடித்துப் பிய்ந்து பறக்கும். ஆளைக் காயப்படுத்தும். திறக்க வேண்டாம், பயிற்சி பெற்றவரிடம் கொண்டு போ என்றுதான் தயாரிப்பாளர்களின் கையேடுகள் எச்சரிக்கின்றன.

தம்பிக்கு இது தெரியும். தெரிந்தும் ஆகஸ்ட் முதலாம் தேதி மாலை ஷாக்கை வைஸில் பூட்டிவிட்டான். விடுமுறை நாள், பட்டறைகள் எல்லாம் மூடியிருந்தன, அடுத்த நாள் நண்பர்களோடு போக வேண்டும். இளமைக்குரிய கணக்கு. இனிச் சொல்லப்போவதை அந்தக் குடும்பத்தின் அனுமதியோடு சொல்கிறேன். அவர்களும் இங்கேதான் இருக்கிறார்கள், திரும்பிப் பார்க்க வேண்டாம்.

ஆகஸ்ட் ஒன்று சுவிஸின் தேசிய நாள். இரவெல்லாம் வெடி. போரிலிருந்து வந்த நமக்குள் எத்தனை பேருக்கு அந்த இரவு எப்படிக் கழிகிறதென்று எனக்குத் தெரியும். இந்த நாட்டில் 1963ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வீடுகளுக்குக் கீழே பாதுகாப்பறைகள் கட்டுகிறார்கள். ஒரு சாண் தடித்த கொங்கிரீட் கதவு, காற்றுத் துவாரம், எல்லாம். சமாதான காலத்தில் அதில் உருளைக்கிழங்கும் பனிச்சறுக்குச் சப்பாத்தும் பழைய சூட்கேசும் கிடக்கும். நாங்கள் கெல்லர் என்கிறோம். நம்முடைய பழைய சொல் ஒன்று இருக்கிறது, பங்கர். தம்பியின் அப்பா இத்தனை வருடமாக ஆகஸ்ட் முதலாம் தேதி இரவு அந்தக் கெல்லருக்கு இறங்கி வருவார். "சாமான் அடுக்க வேணும்" என்பார். வீட்டில் யாரும் கேட்டதில்லை.

அன்றும் இறங்கி வந்தார். மகன் பட்டியைச் சுற்றிக்கொண்டு நின்றான். அவர் கிட்ட வந்தார்.

"அப்பா, தள்ளி நில்லுங்கோ. உள்ளுக்க காத்து அடைபட்டுக் கிடக்கு. திறந்தா வெடிக்கும்."

"வெளியில பாக்க ஒண்டும் தெரியேல்லையே."

"அதுதான் அப்பா பயம்."

"அப்ப ஏன் திறக்கிறாய்?"

தம்பிக்குப் பதில் இல்லை. பட்டியைக் கழற்றி வைத்தான். மேலே எங்கோ ஒரு பெரிய வெடி. கதவு மூடியிருந்தாலும் கொங்கிரீட் வழியாக ஒரு தட்டு. அப்பா அங்கே கிடந்த பியர்ப் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தார். பேச்சை மாற்ற வேண்டுமென்று தம்பி கேட்டிருக்கிறான்: "அப்பா, ஊரில உங்கட சைக்கிளுக்கு ஷாக் இருந்ததே?"

"ஷாக் இல்லை. கரியர் இருந்தது."

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் கரியரில் என்னென்ன ஏற்றினார் என்று சொல்லத் தொடங்கியிருக்கிறார். விறகு. மண்ணெண்ணெய்க் கான். பொருளாதாரத் தடைக்காலத்தில் பற்றரி கிடையாது, சைக்கிளைக் கவிழ்த்துவைத்துச் சில்லைச் சுற்றினால் டைனமோவில் வானொலி பாடும், அந்தக் கதை. நிறுத்தினார். இன்னொரு வெடி. திரும்பவும் சொன்னார். 1995 அக்டோபர் 30ஆம் தேதி இரவு, மழைக்குள், யாழ்ப்பாணமே வெளிக்கிட்ட அந்த இரவு, செம்மணி வெளியிலிருந்து நாவற்குழிப் பாலம் வரைக்கும் அதே கரியரில் அவருடைய அம்மாவை வைத்து உருட்டிக்கொண்டு போனதை. தம்பிக்குத் தன் அப்பம்மாவைப் படத்தில்தான் தெரியும். அந்தக் கரியரில் அவர் எப்படி உட்கார்ந்திருந்தார் என்று அன்றைக்குத்தான் கேள்விப்பட்டான். முழுக்கச் சொல்லவில்லை. பாலத்தோடு நிறுத்திவிட்டார். "மிச்சம் பிறகு" என்றாராம்.

இன்றைய முதல் வாசகத்தில் எலியா சூரைச்செடிக்குக் கீழே கிடக்கிறார். கர்மேல் மலையில் தனி ஆளாக நின்று வென்ற மனிதர். அடுத்த அதிகாரத்தில், ஒரு பெண்ணின் மிரட்டலுக்குப் பயந்து பாலைநிலத்துக்குள் ஓடி, சாவு வந்தால் போதும் என்கிறார். நாம் பக்கத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம்? காற்றுப் போய்விட்டதென்று பம்பை எடுத்திருப்போம். "எலியா, நீர் எப்படிப்பட்டவர்! கர்மேலை நினைத்துப் பாரும்! விசுவாசம் எங்கே?" அடித்துக்கொண்டே இருந்திருப்போம், அவர் அசையாமல் கிடந்திருப்பார்.

வானதூதர் அப்படி ஒன்றும் செய்யவில்லை. தொட்டார். சாப்பிடச் சொன்னார். சுட்ட அப்பமும் தண்ணீரும் இருந்தன. எலியா சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டார். எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். வானதூதர் வந்து எழுப்பியும் ஒரு மனிதர் மறுபடி படுக்கிறார், விவிலியம் அதை மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறது. தூதர் சலிக்கவில்லை. இரண்டாம் தடவையும் வந்து, பயணம் நீளமானது, சாப்பிடு என்றார். ஏன் ஓடி வந்தாய் என்ற கேள்வி அப்போது வரவில்லை. நாற்பது நாள் நடந்து ஓரேபு மலைக்கு வந்த பிறகுதான், இன்றைய வாசகத்துக்கு அப்பாலுள்ள பகுதியில், ஆண்டவர் கேட்கிறார். இரண்டு தடவை கேட்கிறார். எலியா இரண்டு தடவையும் ஒரே முறைப்பாட்டைத்தான் சொல்கிறார், ஏறக்குறைய சொல் மாறாமல். வீட்டுக்குப் போய் எடுத்துப் படித்துப் பாருங்கள். "இதை முன்னமே சொல்லிவிட்டாயே" என்று கடவுள் சொல்லவில்லை. நாம் சொல்வோம். "அப்பா, இந்தக் கதையை எத்தனை தரம் சொல்லுவீங்கள்" என்று நம் பிள்ளைகள் சொல்கிறார்கள். வால்வை ஒருமுறை அமுக்கினால் இழுக்கிற அறை காலியாவதில்லை, பிள்ளைகளே. கால்வாசி அமுக்கி, கொஞ்சம் விட்டு, மறுபடியும் கால்வாசி.

மனக்கசப்பையும் சினத்தையும் விட்டுவிடுமாறு பவுலடியார் எபேசியருக்கு எழுதுகிறார். விடுவது நல்லது. எப்படி விடுவது என்பதில்தான் நமக்குச் சிக்கல். பலர் வருடக்கணக்கில் அடைத்துவைத்து, ஒரு நாள் கல்யாண வீட்டிலோ கிறிஸ்மஸ் சாப்பாட்டு மேசையிலோ உருளையைத் திருகிவிடுகிறார்கள். பக்கத்தில் நிற்கிறவர்களுக்குத்தான் காயம், பெரும்பாலும் மனைவிக்கு. அந்த வீட்டுப் பெண்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை.

ஷாக்கில் இன்னொரு பகுதியும் உண்டு. எண்ணெயும் நைதரசனும் அழுத்தத்தில் அடைத்துவைத்த பகுதி. அதைத் தம்பி வீட்டில் தொடுவதே இல்லை. தனிக் கருவி வேண்டும், படித்த கை வேண்டும். நம் ஆள்களில் சிலர் சுமந்து வந்தது அந்த வகை. அதைக் குடும்பத்துக்குள் திறக்கப் பார்க்கக் கூடாது. பாவசங்கீர்த்தனத் தொட்டியும் மருத்துவரின் அறைக்கு மாற்று ஆகாது. வைத்தியரிடம் போங்கள், கடிதம் வாங்கிக்கொண்டு மனநல மருத்துவரிடம் போங்கள். இரவில் தனியாக இருக்கும்போது தாங்க முடியாவிட்டால் இந்த நாட்டில் 143 என்ற இலக்கம் இருக்கிறது, யாராவது எடுப்பார்கள். எங்கட ஆக்கள் என்ன நினைப்பினம் என்று யோசிக்காதீர்கள். எங்கட ஆக்களுக்கும் அதே இலக்கம்தான்.

நற்செய்தியில் மக்கள் இயேசுவைப் பார்த்து முணுமுணுக்கிறார்கள். இவன் யோசேப்பின் மகன்தானே, இவனுடைய தாய் தகப்பனை எங்களுக்குத் தெரியாதா என்கிறார்கள். தெரியும் என்ற அந்தச் சொல்லோடு அவர்கள் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். அப்பம் அவர்களுக்கு முன்னால் நிற்கிறது, அவர்கள் ஊர், பெயர், உறவு சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நம் வீட்டு நாற்காலியில் சத்தமில்லாத தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற மனிதரையும் நமக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறோம்.

தம்பி கடைசியில் ஷாக்கைப் பட்டறையிலேயே கொடுத்தான். அங்கிருந்து வெள்ளிக்கிழமை அவனுக்குத் தொலைபேசி வந்தது. அதற்குரிய பிடியில் வைத்துப் பத்திரமாகக் காற்றைத் திறந்துவிட்டார்களாம். நடுச் சீலில் ஓரிடத்தில் சின்ன வெட்டு, ஏதோ கூரானது பட்டதுபோல என்றார்களாம். தம்பி எனக்கு அதைச் சொல்லிவிட்டு, "எப்பிடி வந்ததெண்டு விளங்கேல்ல பாதர்" என்றான். நேற்றுப் பின்னேரம் அவனை ஆலய அலுவலகத்துக்குக் கூப்பிட்டு ஊசிக் கதையைச் சொன்னேன். இருபத்து மூன்று வயதுப் பிள்ளையிடம் பாவசங்கீர்த்தனம் செய்த குருவானவர் சுவிஸில் வேறு யாராவது இருக்கிறார்களா தெரியாது. கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். "வெடிச்சிருந்தா பாதர்?" என்று கேட்டான். அவ்வளவுதான் கேட்டான். பட்டறைச் செலவு என்னுடையது. அதோடு, அவனுடைய கெல்லருக்குள் சட்டைப் பையில் எதையும் வைத்துக்கொண்டு வரக் கூடாதென்று உத்தரவு.

ஷாக் புதன்கிழமை வரும். அது வரைக்கும் தம்பி மாலையில் வீட்டில் நிற்கிறான். அப்பா பாலத்துக்கு அப்பால் இன்னும் போகவில்லையாம். அவன் கேட்கவும் இல்லை. நேற்று, பாலத்துக்கு அப்பாலிருக்கிற கைதடி என்ற ஊரின் பெயர் மட்டும் ஒருமுறை வாயில் வந்ததாம்.

திருப்பலி முடிந்ததும் மண்டபத்தில் தேநீரும் ரோல்சும் இருக்கின்றன, இளையோர் மன்றத்தார் செய்தது. பிள்ளைகளே, ரோல்சை எடுத்துக்கொண்டு நண்பர்களோடு வெளியே ஓட வேண்டாம். வயதானவர் யாராவது தனியாக ஒரு கதிரையில் இருந்தால் அவருக்கும் ஒன்று கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருங்கள். சாப்பிட்டு முடிந்ததும் இன்னொன்று கொண்டுபோய்க் கொடுங்கள்.